சந்திரகிரிக் குன்றின் நிழலில்

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவருள் பலர், விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது திருப்பதிக்கும் சென்று வருவர். திருமலையில் மக்கள் வெள்ளம். அடிவாரத்திலிருந்து தென்மேற்கே பத்துப் பன்னிரண்டு கி.மீ. சென்றால் சந்திரகிரி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை அக்குன்றின் சரிவில் நடந்தேன். ஆடு மேய்ப்போர் குரலன்றி வேறு ஓசையில்லை.

சுமார் 180 மீட்டர் உயர்ந்த பாறை அது. மேலே மழைநீரைத் தேக்கிய குளம்; கீழே மதில்களும், மரமின்றிக் கல்லும் செங்கல்லும் சுண்ணமும் கொண்டு எழுப்பிய ராஜமகாலும். பாறை பகைவரைத் தடுக்கும். தேங்கிய நீர் முற்றுகையிலும் உயிர் காக்கும். 1565-இல் தலைக்கோட்டைப் போரில் தோற்ற விஜயநகரத்தார் முதலில் பெனுகொண்டாவுக்குப் பெயர்ந்தனர். பின்னர், இரண்டாம் வேங்கடபதியின் காலத்தில் (1586–1614), இங்கே தலைநகர் அமைத்தனர்.

அவ்வரசுக்கு அடங்கிய தாமர்ல வேங்கடாத்ரி நாயகரே 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டேக்குக் கடற்கரையில் கோட்டை கட்ட இடமளித்தவர். 1645-இல் மன்னர் மூன்றாம் ஸ்ரீரங்கர் கம்பெனிக்குப் புதிய சாசனம் வழங்கினார். நாயகரின் தந்தை சென்னப்பரின் பெயராலேயே அவ்வூர் சென்னப்பட்டணம் ஆயிற்று என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.

1953-இல் ஆந்திர மாநிலம் உதயமானபோது, அந்தச் சென்னை எவருக்கு உரியது என்றே இரு மொழியாரும் பிணங்கினர். சென்னை நம்மிடம் நின்றது. சித்தூர் மாவட்டம் ஆந்திரத்தைச் சேர்ந்தது. 1960-இல் திருத்தணி நம்மிடம் வந்தது. எல்லைக் கற்கள் இடம் மாறின. ஆனால் சரித்திரம் அக்கற்களுக்கு உட்பட்டதன்று. காளத்திக்கு அருகில், தொண்டைமானாட்டில், முதலாம் ஆதித்த சோழனுக்கு அவன் மைந்தன் பராந்தகன் எழுப்பிய பள்ளிப்படைக் கோயில் இருக்கிறது. தமிழ் மன்னன் தெலுங்கு நாட்டில் துயில்கிறான். தெலுங்குத் தலைவர் ஒருவரின் பெயர் தமிழ்த் தலைநகரில் வாழ்கிறது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டு அயலூரில் வாழ்பவன் நான். 'உமக்கு எந்த ஊர்?' என்று அங்கே எவரேனும் வினவினால், 'சென்னை' என்று பெருமிதத்துடன் விடை பகர்வேன். அக்குன்றினின்று இறங்கிய நாள்முதல், அப்பெருமிதத்தில் அண்டை வீட்டாருக்கும் ஒரு பங்குண்டு என்பதை மறப்பதில்லை. அடுத்த யாத்திரையில் நீங்களும் அரை நாளை அக்குன்றுக்கென ஒதுக்குங்கள்.