ஒரு புள்ளி பாக்கி

எங்க கொழிஞ்சாம்பாறைக்கு வடகிழக்கே கோவை, வடமேற்கே கோழிக்கோடு. 2019 மார்ச் 9 சாயங்காலம் ஐ-லீக் கோப்பை இந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல ஊசலாடிச்சு.

கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால். 2004-க்குப் பிறகு தேசிய லீக் பட்டமே பார்க்காத கிளப். பயிற்சியாளர் அலெஹாந்திரோ மெனெந்தெஸ், ரியல் மாட்ரிட்டின் ரெண்டாம் அணி, பர்கோஸ் என்று ஸ்பெயினின் கீழ் லீக்குகளில் உழைத்தவர். (நம்ம பாஷையில், தலைமை ஆபீசுக்குப் போகாத கிளை மேனேஜர்!) கோகுலம் முதல் கோல் போட்டும் 2-1 என்று ஜெயித்தார்.

கோவையில்? பின்தங்கியிருந்த சென்னை சிட்டி (பேர்தான் சென்னை, வீடு கோவை) மினர்வாவை 3-1 என்று புரட்டிப் போட்டது. 43-க்கு 42. கோப்பை சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் கையில்.

நான் அன்னிக்கு இங்கே உட்கார்ந்து கோவைக்குத்தான் கத்தினேன். ராத்திரி மெனெந்தெஸை நினைச்சா பாவமா இருந்தது. 2020 ஜனவரியில் அவர் பதவியை விட்டுவிட்டார்.