கராத்தே கட்டாக்கள்: தோற்றமும் பெயர்களும்

கராத்தேயில் எதிராளி இல்லாமல், வகுத்துவைத்த வரிசைப்படி ஒருவர் தனியாகச் செய்துகாட்டும் தடுப்பு, குத்து, உதை, திருப்பம் ஆகியவற்றின் கோவைக்குக் கட்டா என்று பெயர். நம் ஊர்க் குத்துவரிசையின் இடம் அங்கே கட்டாவுக்கு. உலகக் கராத்தே கூட்டமைப்பு போட்டிக்கு ஏற்றுக்கொள்ளும் பட்டியலில் மட்டும் ஏறத்தாழ நூறு கட்டாக்கள் இருக்கின்றன. அவற்றின் பெயர்களில் சீனமும் ஒகினாவாப் பேச்சும் ஜப்பானியமும் கலந்து கிடக்கின்றன. ஒரு பெயர் எந்த மொழியைச் சேர்ந்தது என்று பார்த்தால், அந்தக் கட்டா வந்த வழி ஓரளவு பிடிபடும்.

கட்டாக்களின் தாயகம் ஒகினாவா. இன்று ஜப்பானின் தென்கோடி மாகாணமான இத்தீவு, 1879 வரை ரியுக்யு என்ற அரசின் மையமாக இருந்தது. ரியுக்யு மன்னர்கள் 1372 முதல் சீனப் பேரரசுக்குத் திறை செலுத்தினார்கள். புதிய மன்னர் பட்டம் ஏறும்போது சீனத் தூதுக்குழு கடல் கடந்து வந்து அங்கீகாரம் அளிக்கும். ஒகினாவாக் கப்பல்கள் ஃபூஜியன் கரையில் உள்ள ஃபூச்சோ நகருக்குப் போய்வந்தன. நாஹா துறைமுகத்தை ஒட்டிய குமே கிராமத்தில் சீனக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. 1609இல் ஜப்பானின் சட்சுமா படைகள் தீவைப் பிடித்த பிறகும் இந்தச் சீன உறவு அறுபடவில்லை. தென்சீனக் கைச்சண்டை முறைகள் இந்தப் போக்குவரத்தோடு வந்து, தீவில் முன்பே இருந்த 'தீ' என்ற முறையோடு கலந்தன. ஆயுதம் பறிக்கப்பட்ட குடியானவர்கள் ஆதிக்கத்தை எதிர்க்க ரகசியமாக உருவாக்கிய கலை என்று பலரும் சொல்லும் கதைக்கு வலுவான ஆதாரம் இல்லை. பெயர் தெரிந்த பழைய ஆசான்கள் பலர் ரியுக்யு மன்னரின் சூரி அரண்மனையைச் சார்ந்த அதிகாரிக் குடும்பத்தினர்.

பழைய பெயர்களில் ஒரு வகை, ஆட்களின் பெயராகக் கருதப்படுபவை. அவற்றில் முதலில் சொல்லவேண்டியது கூஷாங்கு. 1762இல் ஒகினாவாக் கப்பல் ஒன்று புயலில் சிக்கி ஜப்பானின் தோசா நாட்டுக் கரையில் ஒதுங்கியது. அதில் வந்தவர்களை விசாரித்து, தோபே என்ற கன்பூசிய அறிஞர் 'ஓஷிமா ஹிக்கி' என்ற குறிப்பேட்டை எழுதினார். கூஷாங்கு என்ற சீனர் சீடர்களுடன் ஒகினாவா வந்ததும், உருவில் சிறிய அவர் தன்னைவிடப் பெரிய ஆளைக் கீழே தள்ளிக் காட்டியதும் அதில் பதிவாகியுள்ளன. கட்டா பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இருந்தாலும், கட்டாப் பெயர்களில் ஒன்று அதே காலத்து எழுத்துச் சான்று ஒன்றில் தட்டுப்படுவது அரிது. அந்த வகையில் இந்தக் குறிப்பின் மதிப்பு பெரிது.

வான்ஷு என்ற பெயரை 1683இல் வந்த சீனத் தூதர் வாங் ஜியோடு இணைப்பது ஒகினாவாவின் தொமாரி ஊர் மரபு. தூதர் வந்தது வரலாறு. கட்டாவைக் கற்றுத்தந்தார் என்பது வாய்மொழி. சின்தோ என்ற கட்டாவுக்குக் கரை ஒதுங்கிய சீனக் கடலோடி ஒருவரின் கதை உண்டு. அவரை அடக்க அரசர் அனுப்பிய ஒகினாவா ஆசான் மட்சுமுரா சோகோன், வெல்ல முடியாமல் அவரிடமே பாடம் கேட்டார் என்று அந்தக் கதை போகும். கேட்கச் சுவையாக இருப்பதால் பயிற்சிக்கூடங்களில் இதை உண்மைபோலவே சொல்லிவிடுகிறார்கள். கதை என்று சொல்லிக் கற்பிப்பதே நேர்மை.

இன்னொரு வகை, எண்ணுப் பெயர்கள். செய்சான் என்றால் 13, செய்பாய் 18, நிசெய்ஷி 24, சான்செய்ரு 36, கோஜுஷிஹோ என்பது 54 அடிகள், சூபாரின்பேய் 108. இவற்றில் சில ஒலிகள் ஜப்பானிய உச்சரிப்புக்குப் பொருந்தாதவை. ஃபூஜியன் வட்டாரச் சீனத்தின் சாயல் உள்ளவை. ஏட்டைப் பார்த்துப் படித்திருந்தால் இப்படி ஆகியிருக்காது. ஆசான் வாயால் சொன்னதைக் காதால் வாங்கி அப்படியே சுமந்துவந்திருக்கிறார்கள். இந்த எண்கள் அடிகளைக் குறிக்கின்றனவா, உத்திகளையா, பௌத்தக் கருத்துகளையா என்பதில் ஆசான்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 108 என்ற எண் பௌத்தத்தில் மனிதனின் ஆசாபாசங்களைக் குறிப்பதால், சூபாரின்பேய்க்கு அந்த விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது.

நாஹா ஊர் மரபின் அடிப்படைக் கட்டா சான்சின். 'மூன்று போர்கள்' என்று பொருள். வெளிப்பார்வைக்கு எளிது: குறுகிய நிலையில் கால் பெருவிரல்களை உள்நோக்கித் திருப்பி நின்று, உடல் முழுவதையும் இறுக்கி, மூச்சைக் கட்டி விட்டபடி சில அடிகள் முன்னே போவது. ஆசான் பின்னால் நின்று தோள், முதுகு, தொடை என்று உள்ளங்கையால் அறைந்து இறுக்கம் தளர்கிறதா என்று பார்ப்பார். கோஜு-ரியு பள்ளியில் கையை முஷ்டியாக மூடியும், உயெச்சி-ரியு பள்ளியில் விரித்தும் இதைச் செய்கிறார்கள். ஃபூஜியனின் வெண்கொக்கு முறையிலும் இதே பெயரில் ஒரு வரிசை இன்றும் வழக்கில் இருக்கிறது. ஒகினாவாக் கட்டாக்களின் சீன வேரைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

சான்சினைப் போதிதர்மரோடு இணைப்பவர்கள் உண்டு. 2011இல் வந்த 'ஏழாம் அறிவு' படத்துக்குப் பிறகு தமிழ்நாட்டிலும் இந்தப் பேச்சு கூடியது. போதிதர்மர் ஷாவோலின் துறவிகளுக்கு உடற்பயிற்சி கற்பித்தார் என்ற கருத்துக்கு மூலமான 'யிஜின் ஜிங்' நூல், 17ஆம் நூற்றாண்டு ஆக்கம் என்பது ஆய்வாளர் முடிவு. போதிதர்மர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டு பிந்தியது அது. தமிழருக்குப் பெருமை சேர்க்கும் கதை என்பதற்காக அதை வரலாறாக எழுதக்கூடாது.

கட்டாக்களின் போக்கை மாற்றியவர் இட்டோசு அன்கோ (1831–1915). அவர் காலத்தில் ரியுக்யு அரசு மறைந்து, ஒகினாவா ஜப்பானிய மாகாணமாகிவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிக்கூட உடற்பயிற்சிப் பாடத்துக்குள் கராத்தேயைக் கொண்டுவந்தார். 1908இல் பத்து அறிவுரைகள் அடங்கிய கடிதம் ஒன்றைக் கல்வி அதிகாரிகளுக்கு எழுதினார். பிள்ளைகளுக்காக அவர் அமைத்த ஐந்து கட்டாக்களே பினான். 'அமைதி' என்ற பொருள்தரும் எழுத்துகளின் சீனச் சாயல் ஒலிப்பு அது. நான்காம் பினானில் கூஷாங்குவின் துண்டுகளை அப்படியே காணலாம்.

இட்டோசுவின் மாணவர் ஃபுனாகோஷி கிச்சின் (1868–1957) 1922இல் டோக்கியோ போய்க் கலையைச் செய்துகாட்டி, அங்கேயே தங்கிவிட்டார். ஜப்பானியருக்குப் பழைய பெயர்கள் பொருள் தெரியாத வேற்றொலிகளாக இருந்தன. சீனாவோடு பகை முற்றிய காலம் வேறு. 1922இல் வந்த அவருடைய முதல் நூலில் பழைய பெயர்கள் இருந்தன. 1935இல் வந்த 'கராத்தே-தோ கியோஹான்' நூலில் பல பெயர்கள் மாறிவிட்டன. பினான் என்ற அதே எழுத்துகளை ஜப்பானிய முறையில் படித்து ஹெயான் ஆக்கினார். கற்க எளிது என்று முதலாவதையும் இரண்டாவதையும் இடம் மாற்றினார்; அவருடைய ஷோட்டோகான் பள்ளியில் முதல் ஹெயான், மற்றப் பள்ளிகளில் இரண்டாம் பினான். பக்கவாட்டில் ஒரே கோட்டில் நகரும் நைஹான்ச்சி, 'இரும்புக் குதிரை' எனப் பொருள்படும் தெக்கி ஆனது. ஒற்றைக்காலில் நிற்கும் சின்தோ, 'பாறைமேல் கொக்கு' என்ற காங்காக்கு ஆனது. வான்ஷு 'பறக்கும் தகைவிலான்' ஆகி என்பி எனப்பட்டது. பாதம் அரைவட்டமாக நகரும் செய்சான், 'அரைநிலா' என்ற ஹான்கெட்சு ஆனது.

கூஷாங்குவுக்கு அவர் இட்ட பெயர் கான்கு, 'வானை நோக்குதல்'. தொடக்கத்தில் இரு கைகளின் பெருவிரல்களையும் சுட்டுவிரல்களையும் சேர்த்து முக்கோணமாக்கி, மெல்லத் தலைக்குமேல் உயர்த்தி, அந்த இடைவெளி வழியே மேலே பார்த்து, பிறகு கைகளைப் பிரித்து வட்டமாக இறக்குவார்கள். அந்த முதல் அசைவுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. ஆனால் தோசாக் கரையில் பதிவான அந்தச் சீனரின் பெயர் இந்த மாற்றத்தில் மறைந்துபோனது. ஃபுனாகோஷியின் பெயர்கள் அழகானவை, இழப்பும் உண்மையானது. கோஜுஷிஹோவுக்கு அவர் கொடுத்த ஹோதாக்கு போன்ற சில பெயர்கள் நிலைக்கவில்லை.

கலையின் பெயரே அப்போதுதான் மாறியது. 'சீனக் கை' என்று எழுதப்பட்டதை 'வெறுங்கை' என்று எழுதுவதை, 1936 அக்டோபர் 25 அன்று நாஹாவில் கூடிய ஆசான்கள் ஏற்றார்கள். இரண்டுக்கும் ஒலிப்பு கராத்தேதான். அந்த நாளை ஒகினாவா மாகாணம் 2005இல் கராத்தே நாளாக அறிவித்தது.

ஒகினாவாவிலேயே தங்கிய கோஜு-ரியு ஆசான் மியாகி சோஜுன் (1888–1953), செய்சான், சூபாரின்பேய் போன்ற பெயர்களைத் தொடவில்லை. தாம் புதிதாக அமைத்த தென்ஷோவுக்கும் 1940இல் மாணவருக்காக அமைத்த கெகிசாய்க்கும் மட்டும் ஜப்பானியப் பெயர் வைத்தார். ஒசாகாவில் கற்பித்த மபுனி கென்வா (1889–1952), சூரி, நாஹா இரு மரபுக் கட்டாக்களையும் திரட்டி ஷிட்டோ-ரியுவில் காத்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டாக்கள் உள்ள பள்ளி அது.

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கட்டா முதன்முறையாக இடம்பெற்றது. ஆண்கள் தங்கம் ஒகினாவாவின் கியுனா ரியோவுக்கு. ரியுவெய்-ரியு பள்ளியின் ஓஹான் தாய் கட்டாவை இறுதிச் சுற்றில் செய்தார். போட்டிப் பட்டியலில் இன்று கான்கு, கூஷாங்கு, கோசோகுன், சாத்தன்யாரா கூஷாங்கு என்று தனித்தனி வரிகள் இருக்கின்றன. எல்லாம் கூஷாங்கு என்ற ஒரே கட்டாவின் வழிவந்தவை. பிள்ளைகளுக்குக் கான்கு கற்பிக்கும் ஆசிரியர்கள் கூஷாங்கு என்ற பெயரையும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும்.