2-க்குப் பக்கத்தில் ஒரு 1 ஒளிஞ்சிருக்கா? பழைய வெள்ளிக் காசில் ‘ஓவர்டேட்’ பிழையைக் கண்டுபிடிப்பது எப்படி?

அமெரிக்காவின் பழைய 10 சென்ட் வெள்ளிக் காசுக்கு ‘மெர்க்குரி டைம்’ என்று பெயர். எடை 2.5 கிராம், அதில் 90 சதவீதம் வெள்ளி. 1942-ல் பிலடெல்பியா நாணயச் சாலையில் மட்டும் இந்தக் காசு 20 கோடிக்கும் அதிகமாக அடிக்கப்பட்டது. அதனால், தேய்ந்துபோன சாதாரண 1942 காசுக்கு அதிலுள்ள வெள்ளியின் விலையைத் தாண்டி பெரிய மதிப்பு கிடையாது.

ஆனா, அதே காசில் 2-ன் இடப்பக்கம் ஒட்டினாற்போல ஒரு 1 தெரிஞ்சா கதையே வேற. தேய்ந்த காசுகூட நூற்றுக்கணக்கான டாலருக்குப் போகும். சேகரிப்பாளர்கள் இதை 1942/1 என்று எழுதுவாங்க.

ஓவர்டேட்னா என்ன?

ஒரு ஆண்டின் எண் மேல் இன்னொரு ஆண்டின் எண் பதிந்திருப்பதுதான் ஓவர்டேட். இங்கே முக்கியமா கவனிக்க வேண்டியது, பிழை காசில் நடப்பதில்லை. காசை அடிக்கும் ‘டை’ எனப்படும் எஃகு அச்சில் நடக்கிறது. அதனால் அந்த அச்சில் அடித்த எல்லாக் காசிலும் ஒரே தடம், ஒரே இடத்தில், ஒரே வடிவில் இருக்கும். அசலைக் கண்டுபிடிக்க இதுதான் அடிப்படை.

எப்படி நடந்தது?

இரண்டு வகை இருக்கு. 19-ம் நூற்றாண்டில் ஆண்டின் எண்களை அச்சில் கையால் அடித்துப் பொறிப்பார்கள். எஃகு அச்சு செய்வது செலவான வேலை. மிச்சமான பழைய அச்சை வீணாக்காமல், எண்ணை மட்டும் மாற்றி அடித்துப் பயன்படுத்தினார்கள். 1813 என்றிருந்த அச்சில் 3-ன் மேல் 7 அடித்து உருவான 1817/3 அரை டாலர் இதற்கு நல்ல உதாரணம். இது தெரிஞ்சே செய்த சிக்கனம்.

1942/1 அப்படி இல்லை, உண்மையிலேயே தவறு. அப்போது ஆண்டும் படமும் சேர்ந்த ‘ஹப்’ என்ற மூலக் கருவியை அழுத்தித்தான் அச்சு தயாரிப்பார்கள். ஒரு அழுத்தத்தில் உருவம் முழுசா விழாது. அச்சைச் சூடாக்கி இளக்கி, மறுபடியும் அழுத்த வேண்டும். 1941-ன் கடைசியில் இரண்டு ஆண்டுகளுக்கான வேலையும் ஒரே நேரத்தில் நடந்தது. அப்போது சில அச்சுகள் முதலில் 1941 ஹப்பிலும், அடுத்து 1942 ஹப்பிலும் அழுத்தப்பட்டுவிட்டன. பிலடெல்பியா, டென்வர் இரண்டு இடத்திலும் அடித்த காசுகளில் இந்தப் பிழை இருக்கிறது.

வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து விழட்டும். காசை மெதுவாகத் திருப்பிப் பாருங்க.

1. மேடா, பள்ளமா? அச்சில் குழியாக இருப்பது காசில் மேடாக வரும். எனவே அடியில் இருக்கும் 1 மேடாகத்தான் தெரிய வேண்டும். பள்ளமாக இருந்தால் அது வெறும் கீறல்.

2. எண்ணின் வடிவம் இருக்கா? அச்சில் விரிசல் விட்டாலும் காசில் மேடான கோடு விழும். ஆனா அது தாறுமாறாக ஓடும். 1941 காசு ஒன்றை எடுத்து அதிலுள்ள 1-உடன் ஒப்பிடுங்க.

3. 4-ஐயும் பாருங்க. 1941 ஹப் முழுசாகப் பதிந்ததால், அசல் 1942/1 காசில் 4-லும் இரட்டைத் தடம் இருக்கும். 2-ஐ மட்டும் மாற்றும் மோசடிக்காரர்கள் இதைக் கோட்டை விட்டுடுவாங்க.

4. டென்வர் காசா? பின்பக்கத்தில் சிறிய ‘டி’ எழுத்து இருந்தால் டென்வர். அதில் 1 கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். ‘டி’ எழுத்தும் இரண்டு முறை அடித்த மாதிரி இருக்கும்.

எதைப் பார்த்து ஏமாறக் கூடாது?

காசு அடிக்கும்போது அச்சு லேசாக அசைந்தால், எண்ணின் ஓரத்தில் தட்டையான படிக்கட்டு போல ஒரு நிழல் விழும். இது அடிக்கடி நடப்பது. தனி மதிப்பு கிடையாது. எண்ணைச் சுற்றி மட்டும் சுரண்டிய தடமோ, நிற மாற்றமோ தெரிந்தால் யாரோ கைவரிசை காட்டியிருக்கலாம் என்று அர்த்தம். சந்தேகம் வந்தால், சான்றளிக்கப்பட்ட அசல் காசின் படத்தோடு ஒப்பிடுங்க. 1 நிற்கும் இடம் ஒரு மயிரிழை மாறினாலும் நம்பாதீங்க.

செய்யவே கூடாதது

காசைப் புளி, பற்பசை போட்டுத் தேய்க்காதீங்க. அசல் மேற்பரப்பு போய்விட்டால் மதிப்பும் போய்விடும். கையில் எடுக்கும்போது ஓரத்தைப் பிடித்து எடுங்க.

இன்னொரு எச்சரிக்கை நம்ம ஊருக்கு. ‘பழைய காசு இருக்கா, லட்சக்கணக்கில் வாங்கிக்கிறோம்’ என்று சொல்லி, முதலில் கமிஷன், வரி என்று பணம் கேட்டால் உஷார். தங்கள் பெயரைப் பயன்படுத்தி இப்படிக் கட்டணம் கேட்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. காசை விற்கிறவர் நீங்கள் என்றால், பணம் உங்களுக்குத்தான் வர வேண்டும். உங்களிடமிருந்து போகக் கூடாது.