பெயரும் பெயர்க்குரியோரும்

ஆங்கில இலக்கணம் பயிலும் நம் மாணவர் இடர்ப்படும் இடங்களுள் ஒன்று, பொதுப்பெயரையும் சிறப்புப்பெயரையும் பகுத்தறிதல். அதற்குக் காரணம் உண்டு. நன்னூல் வழிவந்தோர் மரம் என்பதைப் பொதுப்பெயர் என்பர். பனை என்பதைச் சிறப்புப்பெயர் என்பர். ஆங்கிலத்திலோ பனையும் பொதுப்பெயரே. தனியொருவர்க்கோ ஊர்க்கோ குடிக்கோ உரிமை பூண்ட பெயரே அங்குச் சிறப்புப்பெயர். அதனைப் பெரிய எழுத்தில் தொடங்குவர். கருணை, புரம் என்பன பொதுச் சொற்கள். அவை கூடிக் கள்ளக்குறிச்சியில் உள்ள கருணாபுரம் ஆனதும், ஓரிடத்திற்கே உரிய பெயராகிப் பெரிய எழுத்தைப் பெறுகின்றன. தமிழில் அவ்வெழுத்து வேறுபாடு இல்லை; இடம் நோக்கியே பொருள் கொள்கிறோம்.

பெரிய எழுத்து ஐயம் அனைத்தையும் அகற்றிவிடுமா? கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். மலையை ஆள்பவர் என்னும் காரணம் பற்றிய பெயர் இது. அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்னும் அவர்தம் வழிவழிச் செய்தியை, எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் காணலாம். மலையாள மொழி பேசும் கேரள மக்களுக்கும் இதே பெயர். ஆங்கிலத்தில் இரண்டும் பெரிய எழுத்திலேயே தொடங்கும். சிறப்புப்பெயர் என்பதை அவ்வெழுத்துக் காட்டும். எவருடைய பெயர் என்பதைக் காட்டாது.

அதனை வரையறுக்கச் சட்டம் வேண்டியதாயிற்று. பழங்குடியினர் பட்டியலைத் திருத்திய 1976-ஆம் ஆண்டுச் சட்டம், மலையாளி என்னும் பெயரையடுத்துத் தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி என ஆறு மாவட்டங்களைக் குறித்தது. கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலைப்பகுதி அன்று தென் ஆர்க்காட்டில் அடங்கியிருந்தது. அம்மாவட்டம் 1993-இல் கடலூர், விழுப்புரம் எனப் பிரிந்தது. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. தென் ஆர்க்காடு என்னும் பெயர் வரைபடத்தினின்று மறைந்தும், அப்பகுதி மலைமக்களின் உரிமை மறையவில்லை. ஆனால், ஈரோடு மாவட்ட மலைகளில் வாழும் அதே பெயரினர் அவ்வரையறைக்குப் புறம்பாயினர். தங்களையும் பட்டியலில் சேர்க்குமாறு பல்லாண்டுகளாக வேண்டி வந்துள்ளனர். சாதிச் சான்றிதழ் இன்றேல் பிள்ளைகளின் கல்விச் சலுகையும், பணி ஒதுக்கீடும் இல்லை அன்றோ?

ஆகவே, சிறப்புப்பெயருக்கு எடுத்துக்காட்டு வேண்டும் ஆசிரியர்கள் இலண்டன், தேம்சு என்பவற்றோடு மலையாளி என்பதையும் கரும்பலகையில் எழுதுவார்களாயின் நன்று என்பேன். ஒரு பெயரின் வகையைக் கூற இலக்கணம் போதும்; அதற்கு உரியோர் இன்னார் என்று கூற, அவர்தம் வரலாற்றையும் அறிந்தாக வேண்டும்.