மான் வேட்டைக்கு எந்த ரவை?

கனடாவில் மான் வேட்டைக்குப் புறப்படும் நம்மவர்கள் என்னிடம் கேட்பார்கள்: .308 வின்செஸ்டரா, .30-06 ஸ்பிரிங்பீல்டா? இரண்டிலும் சன்னத்தின் விட்டம் ஒன்றே: 7.82 மி.மீ. கோதின் நீளம்தான் வேறு. முதலாவது 51 மி.மீ., மற்றது 63 மி.மீ.

1906இல் அமெரிக்க இராணுவத்துக்கு வந்த .30-06, பாரமான சன்னத்தைச் சற்று வேகமாகத் தள்ளும். தோளிலும் கூடுதலாக உதைக்கும். 1952இல் வந்த .308, ஊரில் நாம் கண்ட எஸ்.எல்.ஆர். துவக்கின் ரவைக்கு உடன்பிறப்பு. வெண்வால் மானுக்கு இரண்டுமே போதும். ஆனால் ஒன்றின் துவக்கில் மற்றதைப் போட்டால் ஆபத்து.

காயத்தோடு ஓடுவதன் வலி போரைக் கண்ட நமக்குத் தெரியும். ஆகவே உதைப்புக்கு அஞ்சாமல், நெஞ்சுப் பகுதியில் குறி தவறாது சுட முடிகிற ரவையையே எடுங்கள். எனக்கு அது .308.