மூன்று கோடுகளில் ஒரு குதிரை

எழுத்தை ஒலியின் வடிவம் என்றே தமிழ் பயின்ற நாம் அறிவோம். சீன எழுத்துகள் பலவோ பொருளின் ஓவியமாகத் தோன்றியவை. ‘மா’ என ஒலிக்கும் குதிரை எழுத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1899ஆம் ஆண்டில் வாங் யீரோங் என்னும் சீன அறிஞர், பழைய எலும்புத் துண்டுகளில் காணப்பட்ட கீறல்கள் தொன்மையான எழுத்துகளே என்று கண்டறிந்தார். அவை சாங் மரபினர் ஆட்சியில், ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முன், ஆமையோட்டிலும் மாட்டுத் தோள் எலும்பிலும் குறி கேட்டுப் பொறிக்கப்பட்டவை. அவற்றுள் குதிரை எழுத்து கண், பிடரிமயிர், கால், வால் யாவும் உடைய ஓவியமாகவே நிற்கிறது. கி.மு. 221இல் சீனாவை ஒன்றாக்கிய சின் பேரரசர் எழுத்தையும் ஒருமைப்படுத்தினார். பின்னர்த் தூரிகையின் விரைவில் வளைவுகள் நேராயின. ஓவியம் பத்துக் கோடுகளாயிற்று. பிடரிமயிர் படுக்கைக் கோடுகளாகவும், கால்களும் வாலும் அடியில் நான்கு புள்ளிகளாகவும் எஞ்சின.

அந்தப் பத்துக் கோட்டு எழுத்தை, எங்கள் தோட்டத்தருகே மளிகைக் கடை வைத்திருந்த சீன முதியவர் பொட்டலத் தாளில் எழுதி எனக்குக் கற்பித்தார். பல்லாண்டுகளுக்குப் பின், அண்டை வீட்டுச் சீனச் சிறுவன் மூன்றே கோடுகளில் அதனை எழுதக் கண்டு, கால்களை விட்டுவிட்டாயே என்று திருத்த முற்பட்டேன். அவன் தன் பாடநூலைத் திறந்து காட்டினான். அவன் எழுதியதே சரி; என் அறிவுதான் பழையது.

எழுத்தறிவு மக்கள் யாவர்க்கும் எளிதாகவேண்டும் என்று சீன அரசு 1956இல் எழுத்துச் சுருக்கத் திட்டத்தை வெளியிட்டது. சிங்கப்பூர் 1969இலும், மலேசியப் பள்ளிகள் 1980களிலும் சுருக்க எழுத்துகளை ஏற்றன. முதற்கோடு வலப்புறம் சென்று கீழே மடியும். இரண்டாவது இறங்கி, வலம் திரும்பி, மீண்டும் இறங்கிக் கொக்கியாய் முடியும். மூன்றாவது படுக்கைக் கோடு. மலேசியா என்னும் பெயரைச் சீனத்தில் எழுதும் குழந்தை முதலில் எழுதுவதும் இதனையே. அங்குக் குதிரை இல்லை. அதன் ஒலி மட்டுமே உண்டு.

தைவானிலும் ஹாங்காங்கிலும் பத்துக் கோட்டு வடிவமே இன்றும் வழங்குகிறது. சுருக்கம் கைக்கு எளிது; பழைய நூலோ அதனை மட்டும் கற்றவனுக்கு அயலாகிறது. 1978இல் தமிழக அரசு பதின்மூன்று எழுத்துகளைச் சீர்திருத்தியபின், பழைய ‘லை’யைக் கண்டு நம் மாணவரும் தயங்குவதைக் காண்கிறோம். புதிய வடிவத்தைக் கற்பிக்கும்போதே பழையதையும் அருகில் ஒருமுறை எழுதிக் காட்டுதல் ஆசிரியர் கடனாகும். அதற்கு ஒரு நிமிடம் போதும். முன்னோர் நூல்களின் கதவு அடைபடாதிருக்கும்.