நீரும் அதிகாரமும்: பாலித்தீவின் சுபக் அமைப்பு
பெருநீர்ப்பாசனம் மத்திய அதிகாரத்தைத் தோற்றுவிக்கும் எனக் கார்ல் விட்ஃபோகல் 1957இல் வாதித்தார். 1959இல் எட்மண்ட் லீச் இலங்கை வரலாற்றைக் கொண்டு அதனை மறுத்தமை நாம் அறிந்ததே. இந்தோனேசியாவின் பாலித்தீவு அம்மறுப்புக்கு மேலும் வலுவூட்டுகிறது. அங்கு பொது வாய்க்காலில் நீர்பெறும் கமக்காரர் சுபக் எனும் சங்கமாக இணைவர்; சுபக்குகள் நீர்க்கோயில்களிற் கூடி விதைப்புக்காலத்தைத் தீர்மானிக்கும்.

மேல்மடையார் கீழ்மடையாருக்கு நீரை ஏன் விட்டுக்கொடுக்கவேண்டும்? தருமசிந்தனை மாத்திரமன்று. அயல் வயல்கள் யாவும் ஒருங்கே அறுவடையாகித் தரிசாகக் கிடந்தாற்றான் பூச்சிகள் உணவின்றி அழியும். நீர் கிட்டாத கீழ்மடையார் காலந்தாழ்த்தி விதைப்பின், அங்கு பெருகும் பூச்சிகள் மேல் வயல்களுக்கும் பரவும்.

1970களிற் பசுமைப் புரட்சித் திட்டம் இவ்வொழுங்கைப் புறக்கணித்து, இடைவிடாது பயிரிடுமாறு கமக்காரரைத் தூண்டியது. கபிலத்தத்தியும் வைரசு நோய்களும் பெருகின. ஒவ்வொரு சுபக்கும் தன் அயலவரை மட்டுமே நோக்கி முடிவெடுப்பினும், நீர்க்கோயில் வலையமைப்பை ஒத்த ஒழுங்கு தானாகவே உருவாகும் என்பதை ஸ்டீபன் லான்சிங்கும் ஜேம்ஸ் கிரெமரும் 1993இல் வெளியிட்ட கணினி ஆய்வு காட்டிற்று.

எனினும் இதனைச் சமத்துவச் சமுதாயமென நாம் மயங்குதல் தகாது. நீர்ப்பங்கீட்டில் நிலவிய இணக்கம் நிலவுடைமையில் நிலவவில்லை. 1960களின் முற்பகுதியில் நிலச்சீர்திருத்தம் குறித்துக் கூர்மையடைந்த மோதல்கள், 1965-66இல் பொதுவுடைமையாளருக்கெதிராக அத்தீவில் நிகழ்ந்த படுகொலைகளுக்கும் பின்னணியாயின.